நனைத்த பனியன்

அவருக்கு நாலு மணி என்று பெயர் வந்ததற்கு இரண்டு காரணம் சொல்வார்கள். அலாரம் எதுவும் இல்லாமல் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஓடப் போகிறவர் என்பது ஒன்று. முழு மாரத்தானை நாலு மணி நேரத்துக்குள் ஓடி முடித்தே தீருவேன் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர் என்பது இன்னொன்று. அவருடைய சலூனில் முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்த எவரும் இந்த இரண்டாவது கதையைக் கேட்காமல் எழுந்து போனதில்லை. கழுத்தில் துணியைக் கட்டிவிட்ட பிறகு மனுஷன் எங்கே தப்பித்துப் போவது?

ஒரு வருஷம் இரண்டே நிமிஷத்தில் விட்டார். அந்த இரண்டு நிமிஷம் எங்கே போனது என்று கிலோமீட்டர் கிலோமீட்டராகக் கணக்குப் பார்த்து, தண்ணீர் குடிக்க நின்றதும் ஷூ கயிறு அவிழ்ந்ததும்தான் என்று கண்டுபிடித்தார். அடுத்த வருஷம் நிற்காமல் தண்ணீர் குடித்தார், கயிற்றுக்கு இரட்டை முடிச்சுப் போட்டார். அதற்கு முந்தைய வருஷத்தைவிட இன்னும் மெதுவாக வந்து சேர்ந்தார். போன வருஷம் அதையும்விட மோசம். வயது அறுபத்து மூன்று ஆகிறது என்பதைத் தவிர மற்ற எல்லாக் காரணமும் அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்த வருஷம் விடுவதில்லை என்று அவர் கங்கணம் கட்டிக்கொண்டிருந்த சமயத்தில்தான் மனைவிக்கு முழங்கால் மாற்று ஆபரேஷன் நடந்தது. பிஸ்கட் ஃபேக்டரியில் பேக்கிங் பிரிவில் முப்பது வருஷம் நின்ற கால்கள் அவை. ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த மறு வருஷமே வலது முழங்கால் ‘நானும் ஓய்வு’ என்று சொல்லிவிட்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தையல் பிரித்தார்கள். இனி நடந்தால்தான் கால் வழிக்கு வரும், நடக்காமல் விட்டால் மடங்காமலே போய்விடும் என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்த பிசியோ பெண், காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக, வாசல் நடையில் மட்டும் நடந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கொஞ்சம் கொஞ்சமாக என்ற வார்த்தை நாலு மணியின் காதில் ஏறவில்லை. ஓட்டக்காரன் வீட்டில் ஒருத்திக்குக் கால் பழக்க வேண்டும் என்றால், அதற்கு அவனைவிட்டால் வேறு ஆள் யார்? வாரத்துக்கு ஒரு திட்டம் போட்டார். முதல் வாரம் வாசல் நடை, இரண்டாம் வாரம் கேட் வரை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ‘நீண்ட நடை’. அவருடைய ஓட்டக் குழுவில் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைதான் நீண்ட ஓட்டம் ஓடுவார்கள். அதனால் முழங்காலுக்கும் ஞாயிற்றுக்கிழமை.

“வலிக்குதுங்க” என்றாள் அவள், வாக்கரைப் பிடித்துக்கொண்டு.

“வலிக்கத்தான் செய்யும். அதைக் கண்டுக்கக் கூடாது. நீ பாட்டுக்கு நட.”

“இங்க கொஞ்சம் உக்காந்துக்கவா?”

“உக்காந்தா கால் இறுகிப்போயிடும். இன்னும் ஒரே ஒரு ரவுண்டு. நேத்தை விட இன்னைக்கு நல்லாப் போற தெரியுமா? வாட்ச்சைப் பாரு, நீயே சொல்லு.”

அவள் வாட்ச்சைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள். அப்புறம் நடந்தாள். சாயங்காலத்துக்குள் முழங்கால் பந்தாக வீங்கிவிட்டது. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மகள் வேலையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, பையைக்கூட இறக்கி வைக்காமல் சத்தம் போட்டாள்.

“என்னப்பா பண்ணி வெச்சிருக்கீங்க? அம்மா என்ன ரேஸுக்கா போகப் போறாங்க?”

பிசியோ பெண் வந்து ஐஸ் வைத்தாள். வீக்கம் வடியும் வரை நடக்க வேண்டாம் என்றாள். அவரிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

வீக்கம் வடிந்தது. ஆனால் மனைவி எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவர் காபியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, “இன்னைக்கு வாசல் வரைக்கும் மட்டும் போய்ட்டு வருவோமா?” என்று குழைந்து பார்த்தார்.

“நீங்க போய் ஓடுங்க. என்னை விட்டுடுங்க.”

“நடக்கலேன்னா கால் மடங்காதுன்னு டாக்டர் சொன்னாருல்ல?”

“மடங்காட்டி நீட்டிக்கிட்டே இருந்துட்டுப் போறேன்.”

இந்த வீட்டில் ஒரு நிமிஷம் சும்மா உட்காராதவள். ஃபேக்டரிக்குப் போய் வந்து சமைத்து, துணி துவைத்து, மகளுக்குப் பாடமும் சொல்லிக் கொடுத்தவள். அவள் படுத்தே கிடந்துவிடுவாளோ, அதற்குத் தானே காரணமாகிவிடுவோமோ என்ற பயம் ஒரு பக்கம். எல்லாம் அவள் நல்லதுக்குத்தானே சொன்னேன் என்ற கோபம் இன்னொரு பக்கம். இரண்டையும் எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் ரோட்டில் இறக்கி வைத்தார். ஓடினார். மெதுவாகப் போக வேண்டிய நாளிலும் வேகமாகப் போனார். ஓய்வு நாளிலும் போனார். மழை வருவேன் வருவேன் என்று மிரட்டிக்கொண்டு வராமல் நின்ற நாட்கள் அவை. காற்றே இல்லாத புழுக்கத்தில், பாலத்து ஏற்றத்தைத் திரும்பத் திரும்ப ஏறினார்.

அப்படி ஏறும்போது ஒரு நாள் இடது ஆடுசதையில் யாரோ கல்லை விட்டு அடித்தது போல ஒரு வலி. திரும்பிப் பார்த்தார், யாரும் இல்லை. பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கால் ஊன்ற முடியவில்லை. நொண்டி நொண்டி வீட்டுக்கு நடந்தார். வழக்கமாக வருவதற்கு வெகு முன்னாலேயே கேட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டார்.

அவர்கள் குடியிருந்தது தரைத்தளத்தில். நீளமான ஒரு நடை, அதை ஒட்டி வரிசையாக வீடுகள். கேட்டைத் திறக்கக் கையை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். நடையில் மனைவி நடந்துகொண்டிருந்தாள். கையில் வாக்கர் கூட இல்லை, வெறும் கைத்தடிதான். பக்கத்தில் கடைசி வீட்டு அக்கா, கனத்த உடம்பை அசைத்து அசைத்து அவளைவிட மெதுவாக வந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இருவரும் நின்றார்கள். அந்த வீட்டைப் பற்றி ஒரு கதை பேசினார்கள். அப்புறம் அடுத்த வாசல்.

“ஏன்டி” என்று கடைசி வீட்டு அக்கா கேட்டது அவருக்கு நன்றாகவே கேட்டது. “உங்க வீட்டுக்காரர் இருந்தா மட்டும் படுத்தே கிடக்குற. அவர் அந்தப் பக்கம் போனதும் எந்திரிச்சு வந்துடுற. என்ன நாடகம் இது?”

“நாடகம் எல்லாம் இல்லக்கா. அவர் முன்னாடி நடந்தா எனக்குக் கால் வரமாட்டேங்குது. வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லாட்டியும் கண்ணு வாட்ச்சுக்குப் போயிடும். எங்க ஃபேக்டரியில சூப்பர்வைசர் வந்து முதுகுக்குப் பின்னாடி நிப்பான் பாருங்க, அப்ப மட்டும் பாக்கெட் கை நழுவிக் கீழ விழும். அதே கதைதான்.”

“அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா, சரி பாக்கலன்னு சொல்லிட்டு வாட்ச்சை மட்டும் கழட்டி வெச்சுட்டு மனசுல எண்ணுவாரு. எனக்குத் தெரியாதா அவரை?”

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆபரேஷனுக்கு அப்புறம் அவள் சிரித்து அவர் கேட்டது அன்றுதான். சந்தோஷப்படுவதா, அவமானப்படுவதா என்று தெரியவில்லை. அவர் இல்லாத நேரம்தான் அவளுக்கு மருந்து என்பது மட்டும் பளிச்சென்று புரிந்தது. கேட்டிலிருந்து கையை எடுத்தார். சத்தம் வராமல் திரும்பினார்.

கால் ஊன்ற முடியாதவன் விடியற்காலையில் எங்கே போவான்? சலூனுக்குப் போனார். ஷட்டரைப் பாதி தூக்கி, குனிந்து உள்ளே போய், விளக்கைப் போட்டு, வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே கண்ணாடி. கால்சட்டையும் பனியனும் ஷூவும் போட்ட ஒரு கிழவன் அதில் உட்கார்ந்திருந்தான். எத்தனையோ பேரை அந்த நாற்காலியில் உட்கார வைத்து அழகு பார்த்தவர், தன்னை மட்டும் பார்க்கப் பிடிக்காமல் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் சுழற்றினார். சும்மா உட்காரத்தான் தெரியவில்லை. கத்தரிக்கோல்களைத் துடைத்தார். துண்டுகளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

வழக்கமாக வீடு திரும்பும் நேரம் வந்தது. எழுந்தார். பனியன் காய்ந்து கிடந்தது. அத்தனை தூரம் ஓடியவன் காய்ந்த பனியனோடு எப்படிப் போய் நிற்பது? முடியை நனைக்கும் தண்ணீர் பாட்டிலை எடுத்து நெஞ்சிலும் முதுகிலும் நெற்றியிலும் பீய்ச்சிக்கொண்டார்.

வீட்டில் மனைவி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கைத்தடி கட்டிலுக்கு அடியில்.

“எப்படிப் போச்சு?” என்று திரும்பாமலே கேட்டாள். எத்தனை வருஷத்துக் கேள்வி அது.

“நல்லா போச்சு” என்றார். எத்தனை வருஷத்துப் பதில்.

மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும். கால் வலி என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்தால் அவள் சுவரைவிட்டுத் திரும்ப மாட்டாள். அதனால் சொல்லவில்லை. சொல்வதற்கு வெட்கமாகவும் இருந்தது, அதையும் மறைப்பதற்கில்லை. அவ்வளவு பேசியவன் ஆயிற்றே.

ஒரு வாரம் போயிருக்கும். ஷட்டருக்கு அடியில் ஒரு தலை குனிந்து எட்டிப் பார்த்தது. டாப் கியர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓட்டக் குழுவிலேயே கடைசியாக வருகிறவர் என்பதால் கேலியாக அவருக்கு அந்தப் பெயர்.

“யோவ்! கையும் களவுமா மாட்டினியா? நாலு மணியை ரோட்டுல காணோமேன்னு எல்லாரும் தேடறாங்க. நீ இங்க உக்காந்து யாருக்குச் சவரம் பண்ற?”

“கத்தாதய்யா. உள்ள வா. ஷட்டரை இறக்கு.”

விஷயத்தைக் கேட்டுவிட்டு டாப் கியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, வந்ததுதான் வந்தோம், முகத்தை மழித்துவிடு என்றார். கைக்கு வேலை கிடைத்ததில் நாலு மணிக்கு நிம்மதியாக இருந்தது. நுரையைக் குழைத்தார்.

“ரேஸுக்கு இன்னும் ரெண்டு வாரம்தான்யா இருக்கு. என்ன பண்ணப் போற?”

“ஓட முடியாது. ஊன்றினா சுருக்குன்னு இழுக்குது.”

“விடு. அடுத்த வருஷம்.”

“அடுத்த வருஷம் இன்னும் ஒரு வயசு கூடும். கூடக்கூட வேகமா ஓடுவாங்களா யாராவது? இந்த வருஷம்தான் கடைசி வாய்ப்பு. அதுவும் போச்சு.” கத்தி தாடைக்கு வந்ததும் பேச்சை நிறுத்தி, அதைத் தாண்டியதும் தொடர்ந்தார். “நாலு மணி நேரம்னு ஒண்ணு இல்லேன்னா நான் காலையில எதுக்கு எந்திரிக்கணும்? சொல்லு பாப்போம்.”

“நான் எதுக்கு எந்திரிக்கறேன்?”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு முப்பத்தஞ்சு வருஷம் ஒரே இடத்துல உக்காந்திருந்தேன்யா. நேரத்துக்குப் போகலேன்னா மெமோ. இப்ப லேட்டாப் போனாலும் கேக்க ஒரு நாதி இல்ல. அந்தச் சொகத்துக்காக ஓடறேன். நீ என்னடான்னா சம்பளம் இல்லாத வேலைக்கு உனக்கு நீயே மெமோ குடுத்துக்கற.”

நாலு மணி கத்தியைத் துடைத்தார். மற்ற கன்னத்துக்குப் போனார்.

“இதை விடு. வீட்டம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடேன்.”

“அவ நடக்கறாய்யா. நான் இல்லாதப்ப நல்லா நடக்கறா. அதை நான் எதுக்குக் கெடுக்கணும்?”

“அப்ப இப்படிச் சும்மா உக்காந்திருக்கறதும் ஒரு டிரெயினிங்தான்” என்று டாப் கியர் கண்ணாடியில் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டு எழுந்தார். “ஓடறதைவிடக் கஷ்டமான டிரெயினிங்.”

அது வேடிக்கைக்குச் சொன்னதுதான். ஆனால் அன்று முழுக்க நாலு மணிக்கு அது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. நாள் முழுக்க நின்று முடி வெட்டினார். இடது காலைத் தூக்கி வலது காலில் பாரத்தைப் போட்டு வெட்டினார். ஓடாமல் போனால் தான் யார் என்று யோசித்தார், ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு வாடிக்கையாளருக்குக் கிருதாவை ஒரு பக்கம் ஏற்றமாக வெட்டிவிட்டு, மறு பக்கத்தையும் ஏற்றி ஒருவழியாகச் சமாளித்தார்.

மாட்டிக்கொண்டது பனியனால்தான். ஆபரேஷனுக்கு அப்புறம் துணி துவைப்பது மகள் பொறுப்பு. ஒரு நாள் காலை அவர் குளிக்கப் போகுமுன், கழற்றிப் போட்ட பனியனை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். தன் அறைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

“என்னப்பா இது?”

“பனியன்.”

“அது தெரியுது. முன்னெல்லாம் முதுகுல உப்பு வெள்ளையாப் பூத்துப்போய் விறைப்பா நிக்கும். இப்ப ஒரு வாரமா உப்பே காணோம். சரி, புழுக்கம் குறைஞ்சிருக்கும்னு நினைச்சேன். ஆனா உலகத்துலயே எலுமிச்சம்பழ வாசனை அடிக்கிற வேர்வை உங்களுக்கு மட்டும்தாம்பா.”

நாலு மணிக்கு அப்போதுதான் உறைத்தது. தலைக்குத் தெளிக்கிற தண்ணீர் மணக்கட்டும் என்று அந்தப் பாட்டிலில் இரண்டு சொட்டு சென்ட் விடுவது அவர் வழக்கம். வருஷக்கணக்காக அந்த வாசனைக்குள்ளேயே நிற்பவருக்கு அது ஒரு வாசனையாகவே தெரியாது.

உண்மையைச் சொன்னார். கால் முதல் கேட் வரை, கேட் முதல் ஷட்டர் வரை. மகள் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, கட்டிலில் உட்கார்ந்து அவர் காலை எடுத்து மடியில் வைத்து அமுக்கிப் பார்த்தாள்.

“இவ்வளவு வீங்கியிருக்கு. மூச்சு விடாம இருந்திருக்கீங்க.”

“அம்மாகிட்ட சொல்லாத.”

“நான் எதுக்குச் சொல்றேன்” என்றாள். அவள் சொன்ன விதத்திலேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

ரேஸ் நாள் வந்தது. நாலு மணிக்கு விழிப்பு வந்துவிட்டது, பாழாய்ப்போன பழக்கம். இன்றைக்கு எப்படி நடிப்பது? ரேஸுக்குப் போகாமல் இருந்தால் ஏன் என்று கேட்பாள். போனேன் என்றால் மெடல் எங்கே என்று கேட்பாள். எதற்கும் சலூனுக்குப் போய் யோசிப்போம் என்று உடுத்திக்கொண்டு, இருட்டில் உட்கார்ந்து ஷூவை மாட்டினார். நம்பர் எழுதிய துணியை நெஞ்சில் குத்திக்கொண்டார். இதைக் குத்திக்கொண்டு நாற்காலியில் உட்காரப் போகிறோமே என்று அழுகையே வந்துவிட்டது.

விளக்கு எரிந்தது. மனைவி கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். வெளியே போகிற புடவை. காலில் செருப்பு.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“ரேஸுக்கு.”

“ரேஸ் எங்க, சலூன்லயா?”

அவர் குனிந்து ஷூ கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவ சொல்லிட்டாளா?”

“அவ சொன்னது நேத்துதான். நீங்க மணக்க மணக்க வந்து நின்னது எத்தனை நாளா? எனக்குக் கால்லதான் ஆபரேஷன் பண்ணாங்க, மூக்குல இல்ல.” அவள் கைத்தடியை ஊன்றி எழுந்தாள். “கடைசி வீட்டு அக்காவும் நானும் முனை வரைக்கும் போய் ஓடறவங்களைப் பாக்கலாம்னு பேசி வெச்சிருந்தோம். அக்காவுக்குப் பல்வலி. விடிஞ்சதும் போகலாம், நீங்க வர்றீங்களா?”

“வரேன்.”

“முன்னாடி போகக் கூடாது. பின்னாடி நின்னு தள்ளவும் கூடாது.”

“வேற எங்க வர்றது?”

“பக்கத்துல.”

அந்தத் தெருவை அவர் ஆயிரம் தடவை ஓடிக் கடந்திருப்பார். அதில் இத்தனை வாசல் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பேப்பர் போடுகிறவரிடம் நின்றாள். பால் பாக்கெட் எடுக்க வந்த பெண்ணிடம் தையல் தழும்பைக் காட்டினாள். பூட்டியிருந்த தையல் கடைக்கு முன்னால்கூட நின்று, கடைக்காரன் மகள் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னாள். தூரத்தில் மைக்கில் யாரோ கத்துவது கேட்டது. அவருடைய கால்கள் முன்னால் போகத் துடித்தன. ஆடுசதை வலிக்கிறது என்பதையும் மறந்து துடித்தன. ஒவ்வொரு தடவையும் அரை அடி முன்னால் போய்விட்டு, நினைவு வந்து பின்வாங்கினார். அவள் கவனித்தாள்.

முனைக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. அங்கே தான் வேலை பார்க்கும் மருந்துக் கடையிலிருந்து மகள் இரண்டு நாற்காலி எடுத்து வெளியே போட்டிருந்தாள். மனைவி உட்காரவில்லை, தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நேரத்துக்குள் முடிக்க நினைப்பவர்களுக்கு வழிகாட்ட, நாலு மணி நேரம் என்று எழுதிய கொடியைப் பிடித்துக்கொண்டு ஓடும் ஒருவன் அப்போதுதான் அந்த இடத்தைத் தாண்டிப் போயிருந்தான். கொடியின் முதுகு மட்டும் தெரிந்தது. அது திருப்பத்தில் மறையும் வரை நாலு மணி பார்த்துக்கொண்டே நின்றார்.

அதற்கப்புறம் வந்தவர்கள்தான் சாதாரண ஜனங்கள். வாயைக் கோணிக்கொண்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி அழுதுகொண்டே ஓடினாள். நரைத்த தலை ஒன்று நின்று, குனிந்து, தொடையைக் கையால் குத்திக்கொண்டு மறுபடி கிளம்பியது. வெகு நேரம் கழித்து டாப் கியர் வந்தார். அவருக்கே மூச்சு இரைத்தது. இவர்களைப் பார்த்துக் கையை மட்டும் தூக்கினார், பேச முடியவில்லை.

மனைவி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் ஒரு ரேஸையும் வந்து பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமையும் ஃபேக்டரியில் ஷிப்ட் இருக்கும். அவரும் கூப்பிட்டதில்லை.

“என்னங்க, இவங்களுக்கு எல்லாம் வலிக்குதா?”

“வலிக்கும்.”

“எல்லாருக்குமா?”

“பாதி தூரத்துக்கு மேல எல்லாருக்கும்தான்.”

“உங்களுக்கு?”

“எனக்கும்தான். கடைசியில ஒவ்வொரு அடியும் உயிர் போகும். அடுத்த கம்பத்தோட நின்னுடலாம், அடுத்த கம்பத்தோட நின்னுடலாம்னு நினைச்சுக்கிட்டே வருவேன்.”

அவள் கம்பியை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். முகம் சிவந்திருந்தது.

“ஒரு நாளாவது என்கிட்ட சொல்லியிருக்கீங்களா? நல்லா போச்சு, நல்லா போச்சுன்னு இத்தனை வருஷமா ஒரே பாட்டு. உங்களுக்கு வலிக்கவே வலிக்காதுன்னுல்ல நான் நினைச்சுக்கிட்டிருந்தேன்! வலியே தெரியாத மனுஷன் வந்து, வலியைக் கண்டுக்காம நடன்னு சொன்னா எப்படிங்க நடக்கறது? எனக்கும் இப்படித்தான் இருக்கும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, உங்க கையைப் பிடிச்சுக்கிட்டே நடந்திருப்பேனே.”

ரோட்டில் கடைசி ஆட்கள் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். பின்னாலேயே ஒரு வண்டி மெதுவாக வந்து தடுப்புக் கம்பிகளை ஏற்றிக்கொண்டது. மகள் ஆட்டோ கூப்பிடட்டுமா என்று உள்ளிருந்து கேட்டாள். வேண்டாம் என்று இவள் தலையாட்டினாள்.

திரும்பி நடக்க ஆரம்பித்தார்கள். இத்தனை நேரம் நின்றதில் அவருடைய ஆடுசதை கட்டையாகிவிட்டிருந்தது. முதல் அடியிலேயே சுருக்கென்று இழுத்தது. வழக்கம்போலப் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு அடி வைத்தார். அப்புறம் நின்றார்.

“வலிக்குது” என்றார்.

சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. அவள் கைத்தடியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, காலியான கையை அவர் முழங்கைக்குள் விட்டுக்கொண்டாள்.

“மெதுவா வாங்க.”